ஸ்டேஷனுக்குச் செல்வோர் கவனத்துக்கு

வெளியூர் செல்வோர் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டுச் செல்லவும் என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். நல்லது. பூட்டிய வீட்டுப் பட்டியலில் நம் விலாசத்தைச் சேர்த்துக்கொண்டு, ராத்திரி பீட் வருகிற காவலர் கேட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆனால், ஸ்டேஷனுக்குச் செல்வோர் யாரிடம் தகவல் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் என்பது அந்த நோட்டீஸில் இல்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டிய பாதுகாப்பு ஆலோசனை அதுதான்.

மற்றபடி ஆலோசனைக்கு இங்கே பஞ்சம் கிடையாது. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் கூட்டம் சேர்ந்ததுமே மைக் முழங்க ஆரம்பித்துவிடும். தாய்மார்களே, சங்கிலியைச் சேலையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் மேல் ஒரு கண் இருக்கட்டும். வீட்டில் நகை வைக்காதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள், சொல்லி ஏமாந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் நின்று கேட்டால், இந்த ஊரில் நடக்கிற திருட்டெல்லாம் ஊக்கு குத்தாத பெண்களாலும் கதவை ஒழுங்காகச் சாத்தாத ஆண்களாலுமே நடக்கிறது என்று நம்பிவிடுவோம். திருடனுக்கு அதில் சின்னப் பங்குதான். போலீசுக்குப் பங்கே இல்லை.

இந்த ஆலோசனைகளில் முதல் மரியாதை 'மூன்றாவது கண்'ணுக்கு. தெருவுக்குத் தெரு கேமரா மாட்டச் சொல்கிறார்கள். குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணும். நகைக்கடை அண்ணாச்சி மிச்சத்தைப் போட்டுக் கொடுப்பார். அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவார். ராத்திரியிலும் முகம் தெரிய வேண்டும், ஒரு கேமராவாவது ரோட்டைப் பார்க்க வேண்டும், ஒரு மாதப் பதிவாவது கைவசம் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் உண்டு. எல்லாம் நியாயமான நிபந்தனைகள். நம் கண்ணுக்கு மட்டும்தான் இத்தனை நிபந்தனை, அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் கிடையாது என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் தூத்துக்குடியைப் பிரிக்கும்வரை எங்கள் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஊர். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி செல்போன் கடைக்கார மகன் பென்னிக்ஸையும் அப்பா ஜெயராஜையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் செத்தார், மறுநாள் விடியுமுன் அப்பா செத்தார். உயர் நீதிமன்றம் அனுப்ப, மாஜிஸ்திரேட் பாரதிதாசன் அந்த ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனார். கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி செட்டிங்ஸும் இருந்தது! போலீஸ்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று இனி எவனும் நக்கல் பண்ணக் கூடாது. கொலைக்களத்தை ஒரு பொத்தானில் கழுவிவிடத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த ஸ்டேஷனில் மேஜையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று சொல்ல தலைமைக் காவலர் ரேவதி ஒருவருக்குத்தான் வாய் வந்தது. சொல்லிவிட்டு அந்தம்மாவுக்கே போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. யாரிடமிருந்து என்று கேட்டுவிடாதீர்கள்.

மாஜிஸ்திரேட்டைப் பார்த்தே ஒரு காவலர், உன்னால் ஒன்றும் புடுங்க முடியாது என்கிற பொருளில் பேசியதாக அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அது வெறும் வாய்ச் சவடால் என்று அப்போது நினைத்தோம். மூன்று வருஷம் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்து செய்தி வந்தபோதுதான், துறைக்குள் அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தமும் இருப்பது தெரிந்தது.

2023 மார்ச். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம். பொதிகை மலை அடிவாரத்தில், ஆறு சமவெளிக்கு இறங்குகிற இடத்தில் உள்ள மூன்று ஸ்டேஷன்கள். அடிதடி, குடும்பத் தகராறு, காதல் தகராறு என்று பிடித்து வரப்பட்ட ஆட்கள். வாயில் ஜல்லிக் கல்லைத் திணித்து அடித்தார்கள், கட்டிங் பிளேயரால் பல்லைப் பிடுங்கினார்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து சொன்னார்கள். கைகாட்டப்பட்டவர் ஏட்டையாவோ, குடித்துவிட்டு வந்த யாரோ ஒரு காவலரோ இல்லை. அந்தச் சரகத்தின் ஏ.எஸ்.பி. பல்வீர் சிங், ஐ.பி.எஸ். நாட்டிலேயே கடினமான பரீட்சை எழுதி, ஹைதராபாத் அகாடமியில் பயிற்சி முடித்து, முதல் போஸ்டிங்குகளில் ஒன்றாக எங்கள் பக்கம் வந்தவர். குற்றச்சாட்டு உண்மையா என்பதைக் கோர்ட் முடிவு செய்யும். வழக்கு திருநெல்வேலி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து, அவர் 2023 டிசம்பரில் ஆஜராகி ஜாமீனும் வாங்கியாயிற்று.

இதில் அரசு இயந்திரம் நடந்துகொண்ட அழகைப் பார்க்க வேண்டும். முதலில் காத்திருப்போர் பட்டியல். அப்புறம் சட்டசபையில் முதல்வரே எழுந்து சஸ்பெண்ட் என்று அறிவித்தார், மார்ச் 29. சேரன்மகாதேவி சப்-கலெக்டர் விசாரணை, அது போதாதென்று பெ. அமுதா ஐ.ஏ.எஸ். தலைமையில் உயர்மட்ட விசாரணை, அதற்கப்புறம் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு விசாரணை நாற்காலி பெரிசாகிக்கொண்டே போயிற்று. சப்-கலெக்டர் முன்னால் முதலில் வந்து நின்ற இளைஞரோ, நான் கீழே விழுந்துதான் பல் உடைந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். விழுந்தவர் பேச்சை நம்பாமல் இருக்கலாமா? இந்தத் தேசத்தில் கீழே விழுகிறவர்கள் எல்லாம் ஸ்டேஷன் பக்கமாகத்தான் விழுகிறார்கள்.

2024 ஜனவரியில் சஸ்பெண்ட் உத்தரவு ரத்தாயிற்று. போன பல் ஒன்றும் முளைக்கவில்லை. போன பதவி பத்தே மாதத்தில் முளைத்துவிட்டது. கல்லிடைக்குறிச்சிக்காரனுக்கு இனி அவன் ஊர் அப்பளத்தை நொறுக்கித் தின்னக் கொடுத்துவைக்கவில்லை. பல் தேவைப்படாத பண்டம் ஒன்று ஜில்லாத் தலைநகரில் இருக்கிறது, இருட்டுக்கடையில் கியூவில் நின்று வாங்க வேண்டும். அந்த அலைச்சலும் அவனுக்கு வேண்டாமென்று அரசாங்கமே கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில், தேசத்தின் எல்லா ஸ்டேஷனுக்கும் கேமரா வேண்டும் என்று உத்தரவு போட்டது. வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் என்று இடம் இடமாக எண்ணிச் சொன்னது. சத்தமும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். பாத்ரூமுக்கு வெளியிலும் ஒரு கேமரா வேண்டும் என்றது. நீதிபதிகள் தமிழ்நாட்டுப் பேப்பர் படிக்கிறவர்கள் போலிருக்கிறது. எங்கள் மாநிலத்தில் பிடிபட்ட ரவுடிகள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு படத்துக்கு நிற்பது ஒரு சடங்கு. அது ஏன் குற்றவாளிகள் மட்டும் வழுக்குகிறார்கள், அதே பாத்ரூமுக்குப் போகிற போலீஸ்காரர்கள் வழுக்குவதில்லை என்று 2025-ல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துக் கை தட்டுகிறோமே, நம்மையும் யாராவது கேட்க வேண்டும். ரவுடியின் கை உடையும்போது தட்டுகிற கைதான், பலசரக்குக் கடைக்காரன் மகனின் பல் உதிரும்போது, ஐயோ என்று தலையில் வைத்துக்கொள்கிறது. பிளேயருக்கு நல்லவன் பல், கெட்டவன் பல் தெரியாது வே.

ஆகவே, துறை மறந்துபோன ஆலோசனைகளை நாமே எழுதிக்கொள்வோம். இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. சாட்சி விசாரணை என்று பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், 60 தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள்தான் வீடு தேடி வர வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், நாம் சொல்கிற ஆளுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே வாயைத் திறந்து அடித்ததைச் சொல்லுங்கள், திறக்கிற நிலையில் வாய் இருந்தால். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எந்த ஸ்டேஷன் லிமிட்டில் நடந்தாலும் போன இடத்தில் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து இவையெல்லாம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற பெயரில் வந்திருக்கின்றன. அந்தப் பெயரைப் பிசிறில்லாமல் சொல்லவே முப்பத்திரண்டு பல்லும் வேண்டும்.

இதை மனப்பாடம் செய்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பாரா நிற்கிறவர் என்ன விஷயம் என்பார். ரைட்டர் இல்லை, சாப்பிடப் போயிருக்கிறார். ரைட்டர் வருவார், ஐயா இல்லை, பந்தோபஸ்து. ஐயா வருவார், எந்த இடம் என்பார். கொக்கிரகுளத்தில் சுலோச்சன முதலியார் பாலத்து நடுவில் வைத்துச் சங்கிலி போயிற்று என்றால் தொலைந்தது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்க அந்த மனுஷன் 1843-ல் சொந்தக் காசில் பாலம் கட்டினார். எத்தனையாவது தூணில் லிமிட் முடிகிறது என்று கல்வெட்டில் எழுதாமல் விட்டுவிட்டார். கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தருகிறோம், ஒரு ஏ4 பேப்பர் பண்டல் வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி என்று ஒரு குரல் வரும். பேப்பர் நம்முடையது, பேனா நம்முடையது, ஜெராக்ஸ் நம்முடையது. களவு போன சங்கிலி ஒன்றுதான் இனி நம்முடையது இல்லை.

சரி, நமக்கு விவரம் பத்தாது, பேசத் தெரியாது. விவரம் தெரிந்தவர் போனால்? அதையும் பார்த்தாயிற்று. 2025 மார்ச் 18, ரமலான் மாதம், விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்த ஒரு பெரியவரைத் திருநெல்வேலி டவுனில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். அவர் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். வக்பு நிலத் தகராறில் தன் உயிருக்கு ஆபத்து என்று புகார் கொடுத்துப் பார்த்தார். நடவடிக்கை இல்லை என்று கண்டு, என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், போலீஸும் கண்டுகொள்ளவில்லை என்று வீடியோவில் பேசி வைத்தார். புகாரை எப்படி எழுத வேண்டும், எந்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேஜையின் அந்தப் பக்கம் அவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர். இந்தப் பக்கம் வந்து நின்றதும்தான் அவருக்கும் நம் கதி வந்தது. செத்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. சட்டசபையில் பேச்சு, கைது, இரண்டு போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட். பயப்படாமல் புகார் கொடுங்கள் என்று இன்னமும் மைக்கில் சொல்கிறார்கள். யார் பயந்தார்கள்? அவர் பயப்படவில்லையே!

கூட்டமான, வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள் என்பது இன்னொன்று. பாளையங்கோட்டையில் ஜில்லா கோர்ட் வாசலைவிட வெளிச்சமான இடம் எது? 2024 டிசம்பர் 20 காலை, வாய்தாவுக்கு வந்த கீழநத்தம் இளைஞரை அங்கே வைத்துத்தான் வெட்டினார்கள். ஒரு சிறப்பு எஸ்.ஐ. வக்கீல்களோடு ஓடி, கொலையாளிகளில் ஒருவனைப் பிடித்தார், அவரைப் பாராட்ட வேண்டும். பாதுகாப்புக்கு இருந்த மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக் கேட்டது. ஓடிய ஒருவருக்கு வெகுமதி கொடுக்கிற அளவுக்கு, ஓடுவது அபூர்வமாகிவிட்டது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் யாரோடு சேருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள் என்பதும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லப்படுகிறது. கையில் சாதிக் கயிறு கட்டாதீர்கள் என்று பையன்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். 2025 ஜூலை 27 அன்று கே.டி.சி. நகரில் 27 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவரோடு பழகிய பெண்ணின் சகோதரன் கைதானான். அவனுடைய அப்பாவும் சப்-இன்ஸ்பெக்டர், அம்மாவும் சப்-இன்ஸ்பெக்டர். இருவரும் சஸ்பெண்ட் ஆனார்கள், அப்பா கைதும் ஆனார். பெற்றோருக்கான ஆலோசனைக் கூட்டத்தை இனி எந்தக் குடியிருப்பில் முதலில் போட வேண்டும் என்று துறைக்கே விட்டுவிடுகிறேன்.

ஆற்றங்கரை போர்டுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஆழமான பகுதி, குளிக்காதீர்கள், காவல்துறை. வருஷா வருஷம் பாபநாசத்திலிருந்து கீழே எத்தனையோ உயிர் போகிற ஆறு, போர்டு வேண்டியதுதான். 1999 ஜூலை 23 அன்று மட்டும் அந்த ஆழத்தைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை. கூலி உயர்வு கேட்டும் ஜெயிலில் கிடந்த தோழர்களை விடச் சொல்லியும் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்கள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்னால் லத்தி, பின்னால் தண்ணீர். 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையோடு சேர்த்து. ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் கமிஷன் உட்கார்ந்தது, எழுந்தது. பெரும்பாலோர் மூழ்கித்தான் செத்தார்கள் என்று அறிக்கை வந்தது. பின்னே, தண்ணீரில் விழுந்தவன் மூழ்காமல் என்ன செய்வான்? எதற்கு விழுந்தான் என்பதல்லவா கேள்வி. அதற்கு ஆற்றைத்தான் சஸ்பெண்ட் பண்ணியிருக்க வேண்டும்.

இந்தச் சீமைக்குப் போலீஸ் வருவதற்கு முந்தியே காவல் இருந்தது. பாளையக்காரர் காலத்துத் திசைகாவலும் ஸ்தலகாவலும் பிரிட்டிஷ்காரன் எழுதிய ஜில்லா கெசட்டியர் வரைக்கும் ஏறியிருக்கின்றன. ஊர் காவல்காரனுக்கு நெல்லாகவும் காசாகவும் கூலி அளந்தது. கூலி கொடுக்காத வீட்டு மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் அதே மாடு தானாகத் தொழுவத்துக்குத் திரும்பி வருவதும் அந்தக் காவலின் யோக்கியதை. யாரும் அதைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காவலிலும் ஒரு நிபந்தனை இருந்தது. களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கைக்காசிலிருந்து ஈடு கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் வந்து, இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று காவலை ஒழித்தான், காவல்காரர்களைக் குற்றப்பரம்பரை என்று ரேகை வைக்கச் சொன்னான். துப்புக்கூலி வாங்குகிற பழக்கம் சட்டைக்கு நிறம் மாற்றிக்கொண்டு பிழைத்துக்கொண்டது. ஈடு கட்டுகிற பழக்கம்தான் அத்தோடு செத்தது.

இப்போது ஈட்டை யார் கட்டுகிறார்கள்? சாத்தான்குளம் குடும்பத்துக்கு அரசு 20 லட்சம் கொடுத்தது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை, காணாமல் போன நகைக்காக விசாரிக்கிறேன் என்று போலீஸ் அடித்தே கொன்றதாக வழக்கு. அந்தக் குடும்பத்துக்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். கொடுக்க வேண்டிய பணம்தான், இன்னும் கூடவே கொடுக்கலாம். ஆனால் அது லத்தி பிடித்தவன் சம்பளத்திலிருந்து வருகிற பணம் இல்லை, கருவூலப் பணம். கேமராவுக்கு வசூல் கொடுத்த, ஏ4 பண்டல் வாங்கிக் கொடுத்த அதே ஆட்களின் பணம். அடியும் நமக்கு, அடித்ததற்கான பில்லும் நமக்கு.

இது ஒன்றும் புது ஏற்பாடில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்து உள்ளே வைத்ததும் திருநெல்வேலி கொதித்தது. 13-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அதற்கப்புறம் ஊருக்குள் கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தச் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினான் வெள்ளைக்காரன். ஆனால் ஒன்று, அவன் அதைத் தண்டப் போலீஸ் வரி என்று ரசீதிலேயே ஒத்துக்கொண்டான். காவல்துறை உங்கள் நண்பன் என்று பின்பக்கம் அச்சடித்துக் கொடுக்கவில்லை.